பரிசோதனை இருக்கும்போது கேள்விகள் எதற்கு? ரத்ததானப் படிவம் செய்யும் வேலை

ரத்தம் கொடுக்கப் போகிறவர் கையில் முதலில் ஒரு படிவத்தைத்தான் கொடுக்கிறார்கள். ஊசியெல்லாம் அதற்குப் பிறகுதான். கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் பச்சை குத்திக்கொண்டீர்களா, புதிய துணையோடு உடலுறவு உண்டா, போதை ஊசி போட்டதுண்டா என்று கேள்விகள் வரிசையாக வரும். பலருக்கு இது எரிச்சலூட்டுகிறது. "எப்படியும் டெஸ்ட் பண்ணித்தானே ஏற்றப் போகிறார்கள், அப்புறம் இதெல்லாம் எதற்கு?" என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பரிசோதனைக் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதற்கு எட்டாத ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியைப் பற்றித் தெரிந்தவர் கொடையாளர் ஒருவரே. அது ஏன் எட்டவில்லை, அங்கே ஒரு பொய் நுழைந்தால் என்ன ஆகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## ஒரு பை, மூன்று நோயாளிகள்

ஒருவரிடம் ஒரு தடவை எடுக்கும் ரத்தம் பொதுவாக 350 அல்லது 450 மில்லி. அதை அப்படியே முழு ரத்தமாக ஏற்றுவது இப்போது குறைந்துவிட்டது. மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு, திரவப் பகுதியான பிளாஸ்மா என்று பிரித்துவிடுகிறார்கள். சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள் வரை இருக்கும். தட்டணுக்களின் ஆயுள் 5 நாள், சில இடங்களில் 7 நாள். அவற்றை 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில், மெல்ல ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு வரை தாங்கும்.

ஆக, ஒருவர் கொடுத்த ரத்தம் மூன்று பேருக்குப் போகலாம். பிரசவத்தில் ரத்தம் இழந்த தாய், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்பவர் என்று இப்படிப்பட்டவர்கள்தான் அதைப் பெறுகிறார்கள். தலசீமியா நோயாளி வாழ்நாளில் நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தத்தை வாங்கிக்கொள்கிறார். ஒரு பையில் இருக்கும் அபாயம் மிகச் சிறியது என்று நாம் சொல்லும்போது, அவருக்கு அது ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பையில் கிருமி இருந்தால் சூடாக்கியோ ரசாயனம் சேர்த்தோ அழித்துவிட முடியாதா? பிளாஸ்மாவிலிருந்து தயாரிக்கும் மருந்துகளுக்கு அப்படிப்பட்ட முறைகள் உண்டு. தட்டணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் முறைகளைச் சில நாடுகள் பயன்படுத்துகின்றன. சிவப்பணு அதைத் தாங்காது, சூடாக்கினால் உடைந்துவிடும். அதனால் கொடையாளர் உடம்பில் இருந்தது எதுவோ அது பெரும்பாலும் அப்படியே நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் போகிறது. எச்.ஐ.வி. உள்ள ரத்தத்தை ஏற்றிக்கொண்டவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் குத்திவிட்டால் இருக்கும் அபாயம் சுமார் 0.3 சதவீதம்தான். உள்ளே போகும் அளவுதான் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குக் காரணம்.

## டெஸ்ட் எதைத் தேடுகிறது?

எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ் ஆகிய நான்கையும் எல்லாக் கொடையிலும் சோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வைரஸ்களைத் தேட மூன்று வழிகள் இருக்கின்றன.

1. எதிர்ப்பொருள் பரிசோதனை. வைரஸ் நுழைந்த பிறகு உடம்பு அதற்கு எதிராகத் தயாரிக்கும் புரதத்தைத் தேடுவது. உடம்பு அதைத் தயாரித்து முடிக்க நாளாகும். அதுவரை ரிசல்ட் நெகட்டிவாகவே வரும்.

2. ஆன்டிஜென் பரிசோதனை. வைரஸின் சொந்தப் புரதத்தைத் தேடுவது. இது சற்று முன்னதாகவே கண்டுபிடித்துவிடும். இப்போதைய எச்.ஐ.வி. கருவிகள் பல, ஆன்டிஜெனையும் எதிர்ப்பொருளையும் ஒரே நேரத்தில் பார்க்கின்றன.

3. நியூக்ளிக் அமிலப் பரிசோதனை. ரத்த வங்கிக்காரர்கள் சுருக்கமாக ‘நாட்’ என்பார்கள். வைரஸின் மரபணுவையே பல மடங்கு பெருக்கித் தேடுவதால் மூன்றிலும் இதுதான் கூர்மையானது. செலவும் அதிகம், எல்லா நாடுகளிலும் எல்லா ரத்த வங்கிகளிலும் இது இல்லை.

தொற்று நுழைந்த நாளுக்கும் டெஸ்டில் தெரியும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். எச்.ஐ.வி.க்கு எதிர்ப்பொருள் பரிசோதனையில் இந்த இடைவெளி ஏறத்தாழ மூன்று வாரம். ‘நாட்’ அதைச் சுமார் 10 நாளாகக் குறைக்கிறது. ஹெபடைடிஸ் சி-யில் எதிர்ப்பொருள் தெரிய ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். ‘நாட்’ ஒரு வாரத்தில் காட்டிவிடும். ஹெபடைடிஸ் பி மெதுவாகப் பெருகும் வைரஸ் என்பதால் ‘நாட்’ செய்தாலும் மூன்று வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஆகிறது.

தொழில்நுட்பம் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் அதைப் பூஜ்யமாக்க முடியவில்லை, காரணம் உயிரியலில் இருக்கிறது. தொற்று வந்த முதல் சில நாட்களில் வைரஸ் நுழைந்த இடத்துத் திசுக்களிலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, அல்லது மிக மிகக் குறைவாக இருக்கும். அடுத்த கட்டத்தில் ரத்தத்துக்குள் வந்து, எச்.ஐ.வி. என்றால் ஏறக்குறைய ஒரு நாளுக்குள்ளேயே இரட்டிப்பாகும் வேகத்தில் பெருகும். ஆபத்தான நாட்கள் இந்த இரண்டு கட்டங்களும் சந்திக்கும் இடத்தில் இருக்கின்றன. டெஸ்டில் தெரியும் அளவுக்கு வைரஸ் இருக்காது, ஆனால் நோயாளிக்குத் தொற்றும் அளவுக்கு இருக்கும்.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே சீராக வெந்த சோற்றுக்குப் பொருந்தும். இங்கே டெஸ்டுக்குப் போவது மிகச் சிறிய மாதிரி, பெரும்பாலும் ஒரு மில்லி அளவுதான். நோயாளிக்குள் போவதோ நூறு, இருநூறு மில்லிக்கு மேல். ஒரு பையில் சில நூறு வைரஸ் துகள்கள் மட்டும் மிதந்தால், அவற்றில் ஒன்றுகூட அந்தச் சிறு மாதிரிக்குள் வராமல் போகலாம். இதோடு, செலவைக் குறைக்கப் பல கொடையாளர்களின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ‘நாட்’ செய்யும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. கலக்கும்போது வைரஸின் அடர்த்தி இன்னும் குறைகிறது.

## ஜப்பானில் 2013-இல் நடந்தது

இது வெறும் கோட்பாடு இல்லை என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். உலகின் மிகக் கவனமான ரத்த சேவைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம் எல்லாக் கொடைகளையும் ‘நாட்’ முறையில் பார்த்துக்கொண்டிருந்தது, 20 மாதிரிகளைச் சேர்த்து ஒரே டெஸ்டாக. 2013 பிப்ரவரியில் ஒருவர் கொடுத்த ரத்தம் அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டது. அதே நபர் நவம்பரில் மறுபடி கொடுத்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய மாதிரியை எடுத்துத் தனியாகச் சோதித்தார்கள், வைரஸ் இருந்தது. அதற்குள் அந்த ரத்தம் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டிருந்தது. ஒருவருக்குத் தொற்றிவிட்டது.

கொடுப்பதற்குச் சற்று முன் நடந்த, தொற்றுக்கு வாய்ப்புள்ள உறவைக் கொடையாளர் படிவத்தில் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வந்திருந்தால் ரத்தம் எடுத்தே இருக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகு, 2014-இல் ஜப்பான் மாதிரிகளைக் கலப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கொடையையும் தனித்தனியாக ‘நாட்’ செய்யத் தொடங்கியது. நல்ல முடிவுதான். ஆனாலும் விண்டோ பீரியட் சில நாட்கள் சுருங்கியதே தவிர மறைந்துவிடவில்லை.

## கணக்காகப் பார்த்தால்

எல்லா டெஸ்டும் தாண்டிய பிறகும் மீந்திருக்கும் ஆபத்தைக் கணிக்க ரத்த வங்கி வல்லுநர்கள் பயன்படுத்தும் கணக்கு எளிமையானது. இரண்டு எண்களைப் பெருக்க வேண்டும்.

1. ரத்தம் கொடுக்கும் கூட்டத்தில் ஓராண்டில் எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்று வருகிறது.
2. அந்த ஓராண்டில் விண்டோ பீரியட் எத்தனை பங்கு.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். கொடையாளர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒருவருக்குப் புதிதாகத் தொற்று வருகிறது, விண்டோ பீரியட் 10 நாள் என்று வைத்துக்கொள்வோம். 10-ஐ 365-ஆல் வகுத்து ஒரு லட்சத்தில் ஒன்றால் பெருக்கினால், சுமார் 36 லட்சம் பைகளில் ஒன்று என்று வரும். இப்போது டெஸ்ட் அப்படியே இருக்கட்டும். கேள்விகளை யாரும் மதிக்காததால், ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் நூறு பேருக்குத் தொற்று வரும் கூட்டம் கொடுக்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து சுமார் 36,000 பைகளில் ஒன்றாகிவிடும். கருவி அதேதான், ஆபத்து மட்டும் நூறு மடங்கு.

டெஸ்ட் குறைப்பது இரண்டாவது எண்ணை. கேள்விகள் குறைப்பது முதல் எண்ணை. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றது தேவையில்லை என்று இந்தக் கணக்கில் எங்கும் வராது. நல்ல டெஸ்டும் நல்ல தேர்வும் இருக்கும் நாடுகளில் ரத்தம் வழியாக எச்.ஐ.வி. வரும் ஆபத்து பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருப்பது இரண்டும் சேர்ந்து வேலை செய்வதால்தான்.

டெஸ்ட் இல்லாமல் கேள்வி மட்டும் இருந்த ஒரு காலமும் உண்டு. அமெரிக்காவில் எய்ட்ஸ் பரவத் தொடங்கிய நேரத்தில், 1983 மார்ச்சில், ஆபத்து அதிகமுள்ளவர்கள் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று அரசு கேட்டுக்கொண்டது. எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் டெஸ்டுக்கு அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். நடுவில் இரண்டு ஆண்டுகள், கொடையாளர்கள் தாமாக விலகிக்கொள்வது மட்டும்தான் பாதுகாப்பு. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பின்னர் செய்த ஆய்வு ஒன்று, அங்கே 1982 இறுதியில் உச்சத்தில் இருந்த ஆபத்து டெஸ்ட் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கியதைக் காட்டியது. ‘நான் இப்போது கொடுக்கக்கூடாது’ என்று எண்ணி வராமல் இருந்தவர்களால் வந்த இறக்கம் அது. அவர்கள் காப்பாற்றிய உயிர்களுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

## டெஸ்டே இல்லாத விஷயங்கள்

இதுவரை சொன்னது டெஸ்ட் உள்ள வைரஸ்களைப் பற்றி. படிவத்தில் உள்ள கேள்விகளில் கணிசமானவை டெஸ்ட் இல்லாத, அல்லது வழக்கமாகச் செய்யாத விஷயங்களுக்கானவை. அற்பமாகத் தோன்றும் கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன.

1. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பல் பிடுங்கியது. யெர்சினியா என்ற பாக்டீரியா குளிரிலும் வளரும். வயிற்றுப்போக்கு வந்து தேறியவரின் ரத்தத்தில் அது கொஞ்சம் இருந்தால்கூட, 4 டிகிரி குளிர்பெட்டியில் சில வாரங்களில் பெருகி, ஏற்றிய உடனே நோயாளியை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளக்கூடும். பல் பிடுங்கும்போது வாயிலுள்ள பாக்டீரியா சிறிது நேரம் ரத்தத்தில் கலக்கும். அறை வெப்பத்தில் இருக்கும் தட்டணுப் பைக்கு இது பெரிய ஆபத்து.

2. பயணமும் மலேரியாவும். மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒரு வகை, எந்த அறிகுறியும் இல்லாமல் பல பத்தாண்டுகள் உடலில் தங்கக்கூடியது. மலேரியா அரிதாக உள்ள நாடுகளில் எல்லாக் கொடையையும் அதற்காகச் சோதிப்பதில்லை. எங்கே போய் வந்தீர்கள் என்ற கேள்வியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

3. வேரியன்ட் சி.ஜே.டி. மாட்டு மூளை நோயிலிருந்து மனிதருக்கு வந்த, குணப்படுத்த முடியாத மூளை நோய். பிரிட்டனில் ரத்தம் வழியாக இது நான்கு பேருக்குத் தொற்றியது பதிவாகியிருக்கிறது. ரத்த வங்கியில் செய்யக்கூடிய டெஸ்ட் இதற்கு இல்லை. அதனால்தான் அங்கே 1980-க்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம் ரத்தம் எடுப்பதில்லை.

4. மருந்துகள். முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கக்கூடியது. ரத்தத்தைப் பெறுபவர் கர்ப்பிணியாக இருக்கலாம் அல்லவா? அதனால் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். முடி உதிர்வுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் சில மருந்துகளுக்கும் இதே காரணம்தான். டூட்டாஸ்டரைடு என்றால் 6 மாதம். ஆஸ்பிரின் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையை அவற்றின் ஆயுள் முழுவதுக்கும் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட தட்டணுவைக் கொடுத்து ரத்தப்போக்கை நிறுத்த முடியாது.

5. தடுப்பூசி. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்குப் பிறகு சில வாரம் காத்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் ரத்தம் கொடுத்தால் டெஸ்ட் பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம். நல்ல ரத்தம் வீணாகும். கொடையாளரும் தேவையில்லாமல் பயந்துபோவார்.

எடை, ஹீமோகுளோபின், கடைசியாகக் கொடுத்த தேதி ஆகிய கேள்விகள் கொடையாளரைப் பாதுகாக்க. 450 மில்லி ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து வெளியே போகிறது. நாட்டுக்கு நாடு 8 முதல் 16 வாரம் வரை இடைவெளி கேட்பது இதற்காகத்தான். நல்லெண்ணத்தில் தேதியை மாற்றிச் சொல்லி அடிக்கடி கொடுப்பவர் தன் உடம்பில் உள்ள இருப்பைக் காலி செய்துகொள்கிறார்.

## மருந்தால் மறையும் தொற்று

சமீப ஆண்டுகளில் வந்திருக்கும் ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்லெண்ணத்தோடு தவறு செய்பவர்கள் உண்டு.

எச்.ஐ.வி. வராமல் தடுக்க முன்கூட்டியே சாப்பிடும் மருந்தை ‘பிரெப்’ என்கிறார்கள். பாதுகாப்பு தேடிப் பொறுப்போடு நடந்துகொள்பவர்கள் எடுக்கும் மருந்து அது. அதை ஒழுங்காக எடுப்பவருக்குத் தொற்று வருவது மிக அரிது. ஆனால் அந்த அரிதான சந்தர்ப்பத்தில், மருந்து வைரஸின் பெருக்கத்தை அடக்கி வைத்திருப்பதால் எதிர்ப்பொருள் உண்டாவதும் தாமதமாகும், ‘நாட்’ பரிசோதனையிலும் அகப்படாமல் போகலாம். விண்டோ பீரியட் நீண்டுவிடுகிறது. ஆகவேதான் அமெரிக்க விதிகளில் பிரெப் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமும், ஊசியாகப் போட்டிருந்தால் இரண்டு ஆண்டும் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

இதேபோல, எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது. இது உறுதியாக நிரூபிக்கப்பட்ட உண்மை, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் இது ரத்ததானத்துக்குப் பொருந்தாது. ரத்தம் ஏற்றும்போது நூற்றுக்கணக்கான மில்லி நேராக ரத்தக் குழாய்க்குள் போகிறது. கண்டறிய முடியாத அளவு என்பது அங்கே பூஜ்யம் ஆகாது. பிரெப் எடுப்பவரோ சிகிச்சையில் இருப்பவரோ அதைச் சொல்லாமல் விட்டால், டெஸ்ட் ‘சுத்தம்’ என்று சொல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

## ஏன் மறைக்கிறார்கள்?

வேண்டுமென்றே நோயைப் பரப்ப நினைத்து ரத்தம் கொடுப்பவர் அரிதிலும் அரிது. மறைப்பவர்களில் பெரும்பாலோர் சாதாரணமான, நல்ல மனிதர்கள். அவர்களை மறைக்கத் தள்ளும் காரணங்கள் இவை.

1. பக்கத்தில் ஆள் இருப்பது. அலுவலக முகாமிலோ கல்லூரி முகாமிலோ ஒரே மேசையைச் சுற்றி நான்கு பேர் நின்றுகொண்டு படிவம் நிரப்புகிறார்கள். நண்பன் எட்டிப் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து, பாலுறவு பற்றிய கேள்விக்கு யார் ‘ஆம்’ என்று குறிப்பார்? வரிசையிலிருந்து பாதியில் விலகினால் "என்னப்பா, என்ன ஆச்சு?" என்ற கேள்வி வேறு வரும். என் பார்வையில் பொய்க்கு மிகப் பெரிய காரணம் இந்தத் தனிமையின்மைதான். சரிசெய்ய மிக எளிதானதும் இதுதான்.

2. டெஸ்ட் செய்துகொள்ள வருவது. ஆபத்தான ஒரு சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோன ஒருவர், மருத்துவமனைக்குப் போய் எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்க வெட்கப்பட்டு ரத்தம் கொடுக்க வருகிறார். இலவசமாக, கேள்வி இல்லாமல் ரிசல்ட் தெரிந்துவிடும் என்ற எண்ணம். ஆனால் அவர் வருவது பெரும்பாலும் அந்தச் சம்பவம் நடந்த சில நாட்களிலேயே. சரியாக விண்டோ பீரியட்டுக்குள். நோயாளிக்கு இதைவிட ஆபத்தான நேரம் இல்லை. அவருக்கும் அப்போது வரும் நெகட்டிவ் ரிசல்ட் எந்த உறுதியையும் தராது.

3. ‘அது என்னைப் பற்றிய கேள்வி இல்லை.’ ஆபத்தான நடத்தை என்றால் வேறு மாதிரியான ஆட்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ‘ஒரே ஒரு தடவைதானே, அவரும் நல்ல மனிதர்தானே’ என்று மனதுக்குள் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

4. நேரமும் எண்ணிக்கையும். இத்தனை யூனிட் எடுத்தே ஆக வேண்டும் என்று இலக்கு வைத்து நடக்கும் முகாமில் நேர்காணல் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கேட்பவரே "எல்லாம் இல்லைதானே?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்டால், உண்மை சொல்ல வந்தவரும் தலையாட்டிவிடுவார். இதைக் கொடையாளரின் பொய் என்று எழுதுவது நியாயமில்லை.

## கேள்வியே தவறாக இருந்தால்

நேர்மையைக் கொடையாளரிடம் மட்டும் எதிர்பார்க்க முடியாது. கேட்கும் கேள்வி நியாயமாகவும் அறிவியலோடும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நீண்ட காலம், 1977-க்குப் பிறகு ஒரே ஒரு தடவை இன்னொரு ஆணோடு உறவு கொண்ட ஆணும் வாழ்நாள் முழுவதும் ரத்தம் கொடுக்க முடியாது என்ற விதி இருந்தது. எச்.ஐ.வி. டெஸ்ட் இல்லாத நாட்களில் உருவான பயத்தின் பிள்ளை அது. டெஸ்ட் வந்து, விண்டோ பீரியட் நாட்கணக்காகச் சுருங்கிய பிறகும் விதி அப்படியே இருந்தது. ஒரே துணையோடு பல ஆண்டுகள் வாழும் ஆணுக்குத் தடை. போன வாரம் நான்கு புதிய பெண்களோடு உறவு கொண்ட ஆணுக்கு அனுமதி. இந்த முரண்பாட்டைப் பார்ப்பவருக்குப் படிவத்தின் மேல் இருக்கும் மரியாதையே போய்விடும். தனக்கு ஆபத்து இல்லை என்று தெளிவாகத் தெரிந்த ஒருவர் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டுக் கொடுத்தார் என்றால், அந்தப் பொய்யில் விதிக்கும் பங்குண்டு.

விதி படிப்படியாகத்தான் மாறியது. 2015-இல் வாழ்நாள் தடை 12 மாதமானது, 2020-இல் 3 மாதமானது. 2023-இல் ஆண், பெண், பாலின ஈர்ப்பு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, நடத்தையை வைத்து முடிவெடுக்கும் முறை வந்தது. கடந்த மூன்று மாதத்தில் புதிய துணையோ ஒன்றுக்கு மேற்பட்ட துணையோ உண்டா, குறிப்பிட்ட வகை உறவு உண்டா என்பது போன்ற கேள்விகள். பிரிட்டன் 2021 ஜூனிலும் கனடா 2022-இலும் இதே வழிக்கு வந்திருந்தன.

விண்டோ பீரியட் சில நாட்கள்தான் என்றால் மூன்று மாதம் ஏன்? ஹெபடைடிஸ் பி மெதுவாகத் தெரிவது ஒரு காரணம். மனிதர்களின் நினைவு நாள் கணக்கில் துல்லியமாக இருக்காது என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பு எல்லையைத் தாராளமாக வைத்தால் சின்னப் பிழைகள் அதற்குள் அடங்கிவிடும்.

## பணமும் கட்டாயமும்

காசுக்காகக் கொடுப்பவருக்கு உண்மை சொன்னால் நஷ்டம். ‘ஆம்’ என்று குறித்தால் அன்றைய பணம் போய்விடும். கட்டணமில்லாத தன்னார்வக் கொடையை நோக்கி நாடுகள் நகர வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 1975-இலேயே தீர்மானம் போட்டதற்கு இது முக்கியமான ஒரு காரணம். அந்தத் தீர்மானத்துக்குச் செவிசாய்க்காததன் விலையைப் பிரிட்டன் கொடுத்தது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு, ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த மருந்தை அது அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தது. அந்தப் பிளாஸ்மாவில் சிறைக் கைதிகள் உட்படக் காசுக்குக் கொடுத்தவர்களுடையது நிறைய. அந்த மருந்தாலும் தொற்றுள்ள ரத்தம் ஏற்றியதாலும் 1970-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை அங்கே 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி.யோ ஹெபடைடிஸோ தொற்றியது. இதை விசாரித்த ஆணையத்தின் இறுதி அறிக்கை 2024 மே மாதம்தான் வெளிவந்தது. இந்தப் பேரழிவைப் பெருமளவுக்குத் தவிர்த்திருக்க முடியும் என்று அது சொன்னது.

கட்டாயமும் பணத்தைப் போலவே வேலை செய்யும். அறுவை சிகிச்சைக்கு ரத்தம் வேண்டுமென்றால் உறவினர் ஈடாகக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது. மாமனாரோ அண்ணனோ படுத்திருக்கும்போது, குடும்பமே சுற்றி நிற்கும்போது, "என்னால் கொடுக்க முடியாது" என்று ஒருவர் எப்படிச் சொல்வார்? ஏன் என்று கேட்பார்களே. பழக்கமான தன்னார்வக் கொடையாளருக்கு இந்த நெருக்கடி இல்லை. இந்த முறை முடியாதென்றால் மூன்று மாதம் கழித்து வருவார்.

பொய் சொல்பவரைத் தண்டித்தால் என்ன? சிங்கப்பூரில் ரத்தம் கொடுக்கும்போது தெரிந்தே தவறான தகவல் தருவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருப்பதில் தவறில்லை; விஷயத்தின் கனத்தை அது உணர்த்துகிறது. ஆனால் தண்டனை வருவது யாருக்கோ தொற்றிய பிறகுதான். அதைவிட, கொடுத்துவிட்டு வருந்துபவர் திரும்பி வந்து உண்மையைச் சொல்லப் பயப்படும் நிலையை அது உண்டாக்கிவிடக் கூடாது. ஒரு திரை, ஒரு தனி அறை, தானே நிரப்பும் படிவம், காரணம் சொல்லாமல் விலக ஒரு வழி ஆகியவை இதைவிட அதிகம் பாதுகாக்கும் என்று நம்புகிறேன்.

## கொடுத்த பிறகு ஞாபகம் வந்தால்

பலருக்கு இது தெரிவதில்லை: ரத்தம் கொடுத்து வீட்டுக்குப் போன பிறகும் அதை நிறுத்த முடியும்.

1. கொடை அட்டையிலோ கையில் கொடுத்த துண்டுச் சீட்டிலோ ரத்த வங்கியின் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டு, கொடை எண்ணையோ தேதியையோ சொல்லி, "அந்த ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்றால் போதும். விரிவான காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2. மறந்துபோன மாத்திரை, கொடுத்த மறுநாள் வந்த காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு, துணைக்குத் தொற்று இருப்பதாகத் தெரிய வந்தது என எதுவானாலும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கே.

3. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. தட்டணுக்கள் ஓரிரு நாளிலேயே ஏற்றப்பட்டுவிடலாம். சிவப்பணுவும் பிளாஸ்மாவும் பெரும்பாலும் இன்னும் கிடங்கில் இருக்கும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள்.

4. ஏற்கெனவே ஏற்றியிருந்தாலும் தகவலுக்குப் பயன் உண்டு. எச்.ஐ.வி. சந்தேகம் என்றால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் தொற்றைத் தடுக்க உதவும் மருந்துகள் இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி-க்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் தடுப்பூசியும் உண்டு. பின்னாளில் ஒரு கொடையாளருக்குத் தொற்று தெரிய வந்தால், அவருடைய முந்தைய கொடைகள் யாருக்குப் போயின என்று ரத்த வங்கி பின்னோக்கித் தேடும். கொடையாளர் தரும் தேதிகள்தான் அந்தத் தேடலுக்குத் தொடக்கப்புள்ளி.

5. டெஸ்ட் மட்டும்தான் நோக்கம் என்றால், ரகசியமாகச் சோதித்து ஆலோசனையும் தரும் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களுக்குப் போகலாம். எந்த நாளில் சோதித்தால் ரிசல்ட் நம்பகமாக இருக்கும், அதற்குள் தடுப்பு மருந்து எடுக்க வேண்டுமா என்பதை அங்கே சொல்வார்கள். ரத்த வங்கி இதற்கான இடம் இல்லை.

தொலைபேசியை எடுக்கும் ஊழியரின் பங்கும் இதில் உண்டு. "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று அவர் ஒரு தடவை கடிந்துகொண்டால், அந்த நபர் இனி எப்போதும் கூப்பிட மாட்டார். நன்றி சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பையை ஒதுக்கி வைத்தால் வேலை முடிந்தது.